இங்கே ஒருதரம்தான் கேட்பார்கள்

1

எனக்கு வயது எண்பத்தைந்து. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்தையும் எந்தச் சபைக்கும் கூட்டிக்கொண்டு போகலாம். அவர்களால் நான் தலை குனிந்ததில்லை. இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பின்னேரம் போய்விடும். ஊர்ச் சங்கத்து மலருக்கு, அந்த நாளில் ஜேர்மனிக்கு வந்தவர்களில் உயிரோடு இருப்பவர்கள் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வந்த வழியைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள். மொஸ்கோவில் விமானம் மாறியது, கிழக்கு பெர்லினில் இறங்கி மேற்குக்கு ரெயில் ஏறியது, குளிர். அதை அவர்களே எழுதட்டும். நான் என்னுடைய இரண்டாவது பிள்ளை சுகந்தி படிக்கப் போன கதையை எழுதுகிறேன். போன கதை என்று சொல்லக்கூடாது. போகப் பார்த்த கதை.

எழுத வைத்தது சுகந்தியின் மகள் ஆரணி. பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறாள். அது முடிந்ததும் பிசிசியன் அசிஸ்டன்ற் என்கிற படிப்புக்கு எடுபட வேண்டும் என்று இரவு பகலாகப் பாடுபடுகிறாள். டொக்டருக்கு அடுத்த படியில் நின்று, நோயாளியிடம் வருத்தத்தை விசாரித்து, காயம் தைத்து, டொக்டருக்குக் கை கொடுக்கிற வேலையாம். ஊரில் இருக்கும் பழைய ஆட்களுக்கு அப்போதிக்கரி என்றால் விளங்கும். அதற்கு எடுபடுவது லேசில்லை. விடுமுறை நாளெல்லாம் ஆஸ்பத்திரியில் சம்பளம் இல்லாமல் நின்று கட்டில் விரிக்கிறாள், இரத்த அழுத்தம் பார்க்கிறாள். 

போன ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்கு முன்னால் நின்று நேர்முகத்துக்குப் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். தன்னுடைய கெட்டித்தனத்தைத் தானே எடுத்துச் சொல்ல வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கடை ஆட்கள் இப்படித் தங்களைத் தாங்களே புகழ மாட்டார்கள், ஆட்டுக்கு வால் அளந்துதான் வைத்திருக்கிறது என்று பகிடி பண்ணினேன்.

சுகந்தி குசினியில் சட்டி கழுவிக்கொண்டு நின்றாள். திரும்பாமலே சொன்னாள்:

"அவை ஏதும் தாறம் எண்டு கேட்டால், உடனை ஓமெண்டு சொல்லிப்போடு, பிள்ளை."

"வேற என்னம்மா சொல்லுறது?" என்று ஆரணி கேட்டாள்.

சுகந்தி தண்ணீர்க் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள். ஆரணி என்னைப் பார்த்தாள். நான் யன்னலைப் பார்த்தேன். இந்த வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் ஒருநாளும் கதைத்ததில்லை.

2

சுகந்தி சோதினையில் மருத்துவத்துக்குக் கிட்டப் போய் நின்றவள். மற்றவர்களைவிடக் கூடப் புள்ளி கேட்ட அந்த நாளில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கிட்டப் போவது எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். கம்பஸில், அதுதான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், விஞ்ஞானம்தான் கிடைத்தது. அவள் அழவில்லை. கம்பஸில் படித்தபடியே உதவி வைத்தியர் பள்ளிக்கு எடுபடுவதற்கும் தயார் பண்ணத் தொடங்கினாள். தகப்பனுக்கு அது குறைவாகப் பட்டது. மருத்துவம் கிடைக்காவிட்டால் ரீச்சர் வேலைக்குப் போகலாமே என்றார்.

"டிஸ்பென்சரிக்கு எந்த டொக்டரப்பா வாறான்? பாம்பு கடிச்சவனை அப்போதிக்கரிதானே பாக்கிறார்" என்றாள்.

எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு கம்பஸ் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தது. தெருவில் ஆமி. குமர்ப்பிள்ளையை விடிய அனுப்பிவிட்டு, பொழுதுபட அவள் படலையைத் திறக்கும்வரை நானும் இவரும் மாறி மாறித் தெருவைப் பார்த்தோம். மூத்தவன் அப்போதே ஜேர்மனிக்கு வந்துவிட்டான். அவன் ரிக்கற்றுக்கு ஒழுங்கு பண்ணினான். குமரைத் தனியே அனுப்ப ஏலாது, நீயும் போ என்றார் இவர். சின்னதுகள் மூன்றோடும் தான் நின்றார். கொஞ்சக் காலம்தானே என்று சொல்லித்தான் நின்றார்.

சுகந்தி பெட்டிக்குள் இரண்டு சட்டையும் கம்பஸ் புத்தகம் ஒன்றும் வைத்தாள். ஊறுகாய்ப் போத்தலுக்கு இடமில்லை என்றாள். எனக்குக் கோபம் வந்தது.

3

எங்களைக் கெல்சென்கிர்ச்சனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரத்தில், ஹைம் என்கிற அகதி விடுதியில் விட்டார்கள். ஒரு அறையில் மூத்தவனோடு நாங்கள் மூன்று பேர். வேலை செய்யக்கூடாது. எல்லை தாண்டி அடுத்த ஊருக்குப் போகக்கூடாது. சாமான் வாங்கக் காசுக்குப் பதிலாகத் துண்டு தருவார்கள். துண்டைக் காட்டினால் கடைக்காரி பின்னால் நிற்பவர்களைப் பார்த்துவிட்டுத்தான் எங்களைப் பார்ப்பாள். ஆம்பிளைகள் மத்தியானம்வரை படுத்துக் கிடந்தார்கள். எழும்பி என்ன செய்வது?

சுகந்தி மட்டும் எழும்பினாள். கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஆஸ்பத்திரி ஒன்று கிட்ட இருந்தது. அதற்குள்ளேயே நேர்ஸ் பள்ளியும் இருந்தது. அப்போதிக்கரிப் படிப்பு என்று ஒன்று அப்போது இந்த நாட்டில் இல்லை. அதற்குக் கிட்ட இருந்தது இதுதான். அவள் நேரே போய்ப் பள்ளிக்குப் பொறுப்பான கன்னியாஸ்திரி சுவெஸ்டர் ஹெட்விக்கைப் பார்த்தாள். உயர்ந்த மனுசி, சிரிப்பு இல்லை, சீறுவதும் இல்லை. முதலில் பாஷை, பிறகு சம்பளமில்லாத பிரக்டிக்கும், அதாவது ஆஸ்பத்திரியில் நின்று பழகுவது, அதற்குப் பிறகு கதைப்போம் என்றாவாம்.

விடியமுன் எழும்பிப் போவாள். பீப்பாத்திரம் கழுவினாள். கிழடுகளைக் குளிக்க வார்த்தாள். எங்கள் பரம்பரையில் ஒருவரும் மற்றவர் வீட்டுப் பாத்திரம் கழுவியதில்லை. ஹைமில் ஒரு மனுசி என்னிடம் வந்து, கம்பஸ் படிச்ச பிள்ளையை இதுக்கோ அக்கா கூட்டிக்கொண்டு வந்தனீங்கள் என்று இரக்கப்படுவதுபோலக் கேட்டா. உங்கடை மகன் கட்டிலுக்குப் பாரமாகக் கிடக்கிறான், என்ரை பிள்ளை கட்டில் விரிக்கப் போறாள் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவ எங்களோடு கதைக்கவில்லை.

பின்னேரத்தில் பாடம். ஜேர்மன் பாஷை அவளுக்குக் கல்லாக இருந்தது. எலும்புகளின் பெயர் மட்டும் யாழ்ப்பாணத்தில் படித்த அதே பெயர். "எலும்பு அகதியாகேல்லை, அம்மா" என்று சிரித்தாள். அறையில் எலும்புக்கூட்டுப் படம் இல்லை, நான்தான் இருந்தேன். என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, தோளில் இருந்து விரல்வரை ஒவ்வொன்றாக அமத்திப் பெயர் சொல்லுவாள். ஹூமெரஸ், றேடியஸ், உல்னா. குளிரில் எனக்கு முழங்கால் உளையும். அந்த இடம் வரும்போது மட்டும் அமத்தாமல் தடவிவிடுவாள். அந்தப் பெயரை மறந்துபோனேன். தடவினது மறக்கவில்லை.

4

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊரில் இருப்பவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குப் போனால், தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று கேட்பார்கள். வேண்டாம், இப்பத்தான் குடிச்சிட்டு வாறன் என்று சொல்ல வேண்டும். அவர்கள் அதைக் கேட்டபடியே அடுப்பை மூட்டுவார்கள். பிறகும் ஒருதரம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தரம் கையில் தந்துவிடுவார்கள். முதல் கேட்டவுடன் ஓம் என்றால், காய்ந்த மாடு கம்பிலே விழுந்ததுபோல என்று படலைக்கு வெளியே போகமுன் சொல்லிவிடுவார்கள். கேட்கிறவருக்கும் தெரியும், சொல்லுகிறவருக்கும் தெரியும். அதில் பொய் இல்லை. இப்படி இருவரும் சேர்ந்து செய்கிற மரியாதை அது.

வந்த புதிதில் ஹைமுக்குப் பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்தி எங்களைக் கூப்பிட்டு இருத்தி, அப்பிள் கேக் வெட்டி நீட்டினா. நானும் சுகந்தியும் வேண்டாம் என்றோம். அவ கேக்கை அப்படியே எடுத்து உள்ளே வைத்துவிட்டுத் தான் ஒரு துண்டு சாப்பிட்டா. காலையில் இருந்து ஒன்றும் தின்னாமல் போன நாங்கள், வந்து பாண் தின்று சிரித்தோம். விசர்ச் சனம் என்று சொல்லிச் சிரித்தோம். கேக் என்றபடியால் சிரிக்க முடிந்தது.

பிரக்டிக்கும் முடிகிற காலத்தில் பள்ளிக்குத் தெரிவு நடந்தது. எத்தனையோ ஜேர்மன் பெட்டைகளுக்கு நடுவில் என்ரை பிள்ளை எடுபட்டாள். சுவெஸ்டர் ஹெட்விக் தாயையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருந்தா. நான் கூறைக்கு அடுத்த நல்ல சேலையை உடுத்து, மூத்தவனின் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

சுவரில் சிலுவை. மேசையில் ஆஸ்பத்திரி வார்ட்டில் மடிப்பதுபோல் மடித்த வெள்ளைத் துணி. சுவெஸ்டர் எனக்குக் கை தந்து, உங்கள் மகள் நல்ல பிள்ளை, ஒக்டோபரில் அவளுக்கு இடம் இருக்கிறது என்றா. சுகந்தி அதை எனக்கு இரண்டுதரம் தமிழில் சொன்னாள். ஒரே ஒரு சிக்கல். பள்ளியில் படிக்கிற காலத்திலும் மாதம் கொஞ்சம் காசு கொடுப்பார்கள். காசு கொடுத்தால் அது வேலை. வேலை எங்களுக்குத் தடை. எங்கள் அலுவல் பார்க்கிற அரசாங்க அலுவலகமான வெளிநாட்டார் கந்தோர் மனம் வைத்து விட்டுத்தர வேண்டும்.

பிறகு சுவெஸ்டர் சுகந்தியைப் பார்த்து ஏதோ கேட்டா. சுகந்தி என் பக்கம் திரும்பி, "தான் எங்களோட கந்தோருக்கு வரட்டோ எண்டு கேக்கிறா, அம்மா. தான் நேரிலை வந்து கதைச்சால் விடுவினமாம்" என்றாள்.

அவளுடைய கண்ணில் தண்ணீர் நின்றது. திரும்பி, தலையைக் குனிந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். அந்த ஜேர்மன் எனக்கும் விளங்கியது. நைன், நைன், சுவெஸ்டர், வேண்டாம். உங்களுக்கு எவ்வளவு வேலை. ஏன் உங்களுக்குக் கரைச்சல். நாங்கள் பார்க்கிறோம்.

சுவெஸ்டர் அவளைக் கொஞ்சம் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. நான் சிரித்தேன். நல்லாத்தான் வளர்த்திருக்கிறேன் என்று மனத்துக்குள் நினைத்தேன்.

"கூட்" என்றா சுவெஸ்டர். நல்லது என்று அர்த்தம். பிறகு வெள்ளைச் சப்பாத்து எந்தக் கடையில் மலிவு என்று சொல்லத் தொடங்கினா.

வெளியே வந்ததும் சுகந்தி தெருவில் சின்னப் பிள்ளைபோல என்னைக் கட்டிப்பிடித்தாள். "நாளைக்குத் திருப்பிக் கேப்பா, அம்மா. அப்ப ஓமெண்டு சொல்லுவன்."

5

நாளைக்குக் கேட்கவில்லை. அடுத்த கிழமையும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி நடைபாதையில் சுவெஸ்டர் வரும்போது சுகந்தி வேண்டுமென்றே காலை இழுத்து நடப்பாளாம். சுவெஸ்டர் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாவாம்.

மூத்தவன் அப்போது ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒளித்துக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். ஜேர்மன் ஆட்களோடு நின்று அவர்களின் போக்குப் பிடிபட்டவன். ஒருநாள் சாப்பிடும்போது, எந்தக் கோதாரிக்கு இன்னும் கந்தோர் அலுவல் பார்க்கவில்லை என்று கேட்டான். நடந்ததைச் சொன்னோம். அவன் கையைச் சாப்பாட்டுக் கோப்பைக்குள் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான்.

"நைன் எண்டோ சொன்னனி?"

"முதல் கேட்டவுடனை எப்பிடியண்ணை ஓமெண்டுறது?"

"இஞ்சை ஒருதரம்தான் கேப்பினம். நீ வேண்டாம் எண்டால் அதை நம்புறதுதான் அவையின்ரை மரியாதை. திருப்பிக் கேட்டால் உன்ரை சொல்லை மதிக்கேல்லை எண்டு அர்த்தம். நாளைக்குப் போய், எங்களோட வாங்கோ எண்டு கேள்."

சுகந்தியின் முகம் சுண்டிப்போயிற்று. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு தாருங்கோ என்று போய் நின்றால் சுவெஸ்டர் தன்னை என்ன பிறவி என்று நினைப்பா என்றாள். அவளுக்கு அது பிச்சைக்குப் போவதைவிடக் கேவலமாகப் பட்டது. தானே கந்தோருக்குப் போய் அந்திராக், அதுதான் மனு, கொடுக்கிறேன், நாங்கள் பார்க்கிறோம் என்று சொன்னது பொய்யாகக்கூடாது என்றாள்.

கந்தோரில் டெர்மின், அதாவது போய்ப் பார்க்க ஒரு நேரம், கிடைக்கவே நாளாயிற்று. நானும் போனேன். கந்தோரில் இருந்தவன் கெட்டவன் இல்லை, இளம் பெடியன். எங்கள் அட்டையில் அடித்திருந்த முத்திரையை விரலால் தொட்டுக் காட்டினான். வேலை செய்ய அனுமதியில்லை. அகதி வழக்கு முடியாத ஆட்களுக்கு அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்படிப்பு, இல்லை. சுகந்தி ஆஸ்பத்திரியைப் பற்றி, தெரிவைப் பற்றி எல்லாம் சொன்னாள். ஆஸ்பத்திரியில் இருந்து யாராவது வந்திருக்கிறார்களா என்று அவன் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். பின்னால் அடுத்த அகதிதான் நின்றார்.

அதற்குப் பிறகு வெட்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு சுவெஸ்டரிடம் போனாள். சுவெஸ்டர் தங்கள் மடத்துக்குத் தியானத்துக்குப் போயிருந்தா. திரும்பி வரும்போது கோடை முடிகிற நேரம். அனுமதி வராதபடியால் பள்ளி அந்த இடத்தை வேறு ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டது.

அன்றைக்கு நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். சுவெஸ்டரும் அவளோடு வாசல்வரை வந்தா. ஆனால் நான் உன்னைக் கேட்டேனே, நீ வேண்டாம் என்றாயே, உங்களுக்கு வேறு ஆள் இருக்கிறது என்றல்லவா நினைத்தேன் என்று அவ சொன்னதைச் சுகந்தி பிறகு எனக்குச் சொன்னாள். வாசலில் நின்று சுவெஸ்டர் சுகந்தியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தா. அந்த மனுசிக்கு முகத்தில் சிரிப்பும் இல்லை, சீற்றமும் இல்லை என்று எழுதினேன். அன்றைக்கு அவ அழுதா. அடுத்த வருடம் நிச்சயம் நான் வருகிறேன், உன்னைக் கேட்காமலே வருகிறேன் என்றாவாம்.

அடுத்த வருடத்துக்குமுன் எங்களை வேறு மாகாணத்துக்கு மாற்றிவிட்டார்கள். எல்லை தாண்டி வரக்கூடாது. அங்கே அவளைத் தெரிந்த ஆஸ்பத்திரியும் இல்லை, சுவெஸ்டரும் இல்லை. பிறகு ஊரில் இவர் செல்லடியில் போய்விட்டார். நெருப்பு வைக்கவும் போக ஏலாமல், ஹைம் குளியலறையில் தண்ணீர் வார்த்து முழுகினோம். சின்னதுகள் மூன்றையும் மூத்தவன் பிறகு ஒவ்வொன்றாக இங்கே கூப்பிட்டான். சுகந்திக்குத் தூரத்துச் சொந்தத்தில் ஒரு நல்ல பெடியனைப் பார்த்துக் கட்டிவைத்தேன். நல்ல மருமகன், குறை சொல்ல மாட்டேன்.

இடம் போன அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருந்து ஹைமுக்கு வரும்போது அவள் எனக்கு முன்னால் நடந்தாள். ஹைம் படியில் ஏறும்போது, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்களும் சிரிச்சனீங்கள், அம்மா."

அதுதான்.

6

நான் சிரித்தது பிழை என்று எழுதமாட்டேன். ஒருவருக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று பிள்ளையை வளர்ப்பது எந்த நாட்டில் பிழை? அவள் அன்றைக்குச் சொன்னதுபோல ஊரில் சொல்லியிருந்தால், அந்த சுவெஸ்டர் அவளை விட்டிருக்கமாட்டா. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பா. அவவும் நல்லவ, என்ரை பிள்ளையும் நல்லவள். இரண்டு நல்லதுக்கும் நடுவிலே ஒரு பிள்ளையின் படிப்பு போயிற்று. யாரைத் திட்டுவது என்று தெரியாத துக்கம் லேசில் ஆறாது. கெட்டவன் ஒருவன் இருந்திருந்தால் இத்தனை வருடத்தில் அவனைத் திட்டித் தீர்த்திருப்பேன்.

சுகந்தி கனகாலமாக முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளாக வேலை செய்கிறாள். குளிக்க வார்ப்பாள், சாப்பாடு தீத்துவாள், தலை இழுத்துவிடுவாள். ஊசி போட அவளுக்கு உரிமை இல்லை. ஊசி போடுகிற பிள்ளை வரும்வரை கிழவிகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாளாம். இதை ஒருநாள் என்னோடு கதைக்கும்போது சும்மா சொன்னாள். நான் சும்மா கேட்டதுபோல இருந்தேன்.

ஆரணிக்கு இது ஒன்றும் தெரியாது. தாய் படிப்பில் ஆசையில்லாமல் வேலைக்குப் போனவள் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒருதரம் கோபத்தில் அப்படிச் சொல்லியும் இருக்கிறாள், ஜேர்மனில். பிள்ளை அந்த நினைப்போடு நேர்முகத்துக்குப் போகக்கூடாது. அதற்காகத்தான் இந்த வயதில் இத்தனை பக்கம்.

இதுவரை எழுதிவிட்டு ஆரணியைக் கூப்பிட்டிருக்கிறேன். சனிக்கிழமைப் பள்ளியில் படித்த தமிழ் அவளுக்கு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். பரவாயில்லை, எனக்கு அவசரமில்லை. காலைவேலை முடிந்து வந்த சுகந்தி பக்கத்து அறையில் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறாள்.

"அம்மம்மா, என்ன இது இவ்வளவும்?"

"உன்ரை கொம்மாவைப் பற்றி எழுதினது. பிழை கிடந்தால் அவ திருத்துவா. அந்தக் கதவைத் திறந்துவிட்டு, சத்தமாய் வாசி, பிள்ளை."